நேற்று இருந்தபடியே

நின்றுபோன எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சில்க் போர்டு சிக்னலில் ஒரு ஆட்டோ இருமி இருமிப் படுத்துவிட்டால் போதும், ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கிவிடுவார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டு ஆட்டோவின் பின்னால் இரண்டு கையையும் வைத்துத் தள்ளுவார். பின்னால் ஹாரன் அடிப்பவனைப் பார்த்துச் சிரிப்பார். வண்டி உறுமியதும் டிரைவரிடம் கன்னடத்தில் ஒரே ஒரு கேள்வி, ஆச்சா என்று: "ஆய்த்தா?" அந்த டிரைவர் நன்றி சொல்லிவிட்டு, எதனால் நின்றது, போன வாரம் எந்த மெக்கானிக் என்ன செய்தான் என்று கதையை எடுத்தால் இவர் காது கொடுக்க மாட்டார்.

"ஓடட்டும்பா. அப்புறம் நோவு பார்க்கலாம்" என்பார்.

அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை.

பேர் வேண்டாம். கம்பெனி பேரும் வேண்டாம். அபார்ட்மெண்ட் கேட்டுகளுக்கு ஆப் நடத்துகிற கம்பெனி, அது போதும். பெங்களூரில் குடியிருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேட்டில் செக்யூரிட்டி கையில் ஒரு போன் இருக்கும். வேலைக்கார அம்மாவோ ஸ்கூல் வேனோ வந்தால் அதில் பார்ப்பார். பச்சை காட்டினால் தடுப்புக்கட்டை மேலே போகும், சிவப்பு காட்டினால் போகாது. அந்த ஆப்புக்கு வருகிற புகார் போன்களை எடுக்கிற மேஜையில் நான் இருந்தேன். நீலசந்திராவில் பிறந்தவள். காலேஜ் பக்கம் போகவில்லை. தமிழ், கன்னடம், எங்கள் தெரு உருது, போனில் கேட்டுக் கேட்டே வந்த இங்கிலீஷ், இதுதான் என் படிப்பு. அவர் சர்வர்களையெல்லாம் மேய்க்கிற அணிக்குத் தலைவர். தாத்தா மகாராஜா காலத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவராம், வீடு மல்லேஸ்வரத்தில். ஆனால் என் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவதற்கு அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. எல்லாப் பெண்களும் அவருக்கு 'தாயி'. சின்னவள் பெரியவள் கிடையாது.

என் மேஜை போனில் யாரையாவது காத்திருக்கச் சொல்லி வைத்தால் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். அந்த விளக்கு அவர் கண்ணில் பட்டால் தீர்ந்தது. காபிக் கோப்பையோடு அந்தப் பக்கம் போகிறவர் அப்படியே திரும்பி வருவார். "யாரு தாயி, ஏன் நிக்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே ரிசீவரை எடுத்துவிடுவார். எங்கள் கம்பெனியில் அத்தனை பெரிய பதவியில் இருந்தவர் யாரோ ஒரு மாமியிடம் பால்காரர் பதிவைப் பற்றிக் கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டிருப்பதை நாங்கள் வேடிக்கை பார்ப்போம். மாமி சிரித்துவிட்டுத்தான் வைப்பார்.

அவர் சொல்வதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. எது கெட்டுப்போய் எதைச் சரிசெய்தாலும் சொல்வார்: "நேத்து எப்படி இருந்துதோ அப்படி இருந்தா போதும் தாயி. அதுக்கு மேல நான் சாமிகிட்டகூடக் கேட்டதில்ல." நான் இதை வீட்டில்கூடச் சொல்ல ஆரம்பித்திருந்தேன். குழாயில் தண்ணீர் திரும்பி வந்தால், மாமியாருக்குக் காய்ச்சல் விட்டால், "நேத்து இருந்தபடி இருந்தா போதும்."

எனக்கு அவர் ஒரு நல்லது செய்தார். அதைச் சொல்லாமல் மேலே போனால் நான் நன்றி கெட்டவள்.

நான் கட்டிக்கொண்டவர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், வேதக்காரர், கிறிஸ்தவக் குடும்பம். அதனால் என் அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தான். வருஷக்கணக்கில். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவர் தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டார். "வருஷக்கணக்கா நின்னு கிடக்கா?" என்றார், ஏதோ லிஃப்டைப் பற்றிக் கேட்பதுபோல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நீலசந்திராவில் வீட்டைத் தேடிப் பிடித்துப் போயிருக்கிறார். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறான், அண்ணி டீ கொடுத்திருக்கிறாள். என்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லையாம். டீயைக் குடித்து முடித்துவிட்டுத் தன் போனில் என் நம்பரை அழுத்தி, மணி அடிக்கும்போதே அதை அண்ணன் கையில் திணித்துவிட்டார்.

நான் சார்தான் என்று நினைத்து எடுத்தேன். "சாப்ட்டியா?" என்றான் அண்ணன்.

மறுநாள் ஆபீஸில் என்னைப் பார்த்து அவர் கேட்டதும் அதே ஒரு கேள்விதான். "ஆய்த்தா?" என்ன சண்டை, யார் மேல் தப்பு, அந்த வருஷங்களில் நான் என்ன பட்டேன், எதுவும் அவருக்கு வேண்டாம். ஓடிவிட்டது, போதும். அன்றைக்கு எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அதனால் அவரை நான் எந்த இடத்தில் வைத்திருந்தேன் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

எங்கள் ஆப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். கட்டம் போட்ட பட்டியல் மாதிரி அல்ல அது, புள்ளியும் கோடும். "நீங்க ஒரு புள்ளி, உங்க ஃப்ளாட் ஒரு புள்ளி, வேலைக்கார அம்மா ஒரு புள்ளி. யாருக்கு யார் என்ன வேணும்ங்கறது கோடு. வேலைக்கார அம்மாவுக்கும் ஃப்ளாட்டுக்கும் நடுவுல கோடு இருந்தா கேட் திறக்கும். அழிச்சா திறக்காது. அவ்ளோதான் தாயி." அதனால் ஆபீஸ் முழுக்க அதற்குச் சொந்தக்கார டேட்டாபேஸ் என்று பேர்.

அது ஒரு கன்டெய்னருக்குள் ஓடியது. அவர் டப்பா என்பார். டப்பாவுக்கு வெளியே தனியாக ஓர் அறை, சரக்கெல்லாம் அதில்தான் இருக்கும். டப்பா உடைந்தால் புது டப்பா, ஆனால் அதே அறை. அந்தச் சரக்குக்குத் தினமும் எடுத்து வைக்கிற பேக்கப் நகலைத் திரும்பப் போடுவதுதான் வம்பு என்பார். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது போட முடியாது, நிறுத்த வேண்டும். டப்பா உயிரோடு இருப்பதே அதை ஓட்டுவதற்காகத்தான் என்பதால், அதை நிறுத்தினால் டப்பாவும் கூடவே படுத்துவிடும். அப்புறம் எங்கே நின்றுகொண்டு போடுவது? இன்னொரு வெறும் டப்பாவை எழுப்பி, அதே அறைக்கு வாசல் வைத்து, உள்ளே பழைய நகலைக் கொட்டி, அதை மூடிவிட்டு, அதற்கப்புறம் அசல் டப்பாவை எழுப்ப வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் கை இரண்டும் காற்றில் டப்பாக்களைத் தூக்கித் தூக்கி வைக்கும். சமையல் குறிப்பு சொல்கிறவர் முகம் மாதிரி இருக்கும் அவர் முகம்.

ஒரு மாசக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையில் அந்தச் சமையலைச் செய்யவேண்டி வந்தது.

ஏதோ புது வெர்ஷன் ஏற்றியதில் டேட்டாபேஸ் எழுந்திருக்கவில்லை. ஸ்கூல் வேன் வருகிற நேரம், வீட்டு வேலைக்கு ஆட்கள் வருகிற நேரம். ஊர் முழுக்கக் கேட்டுகளில் போன் எதுவும் காட்டவில்லை. என் மேஜையில் எல்லா விளக்கும் மினுங்கியது. அவர் அன்றைக்கு ரிசீவர் எதையும் எடுக்கவில்லை. சுஷ்மாவின் நாற்காலிக்குப் பின்னால் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். சுஷ்மா அவர் அணியில் மூத்த இன்ஜினியர், மைசூர்ப் பெண், அளந்துதான் பேசுவாள்.

கடைசியாக ஒழுங்காக எடுத்திருந்த நகல் வெள்ளிக்கிழமையுடையது. அதற்கப்புறம் எடுத்ததெல்லாம் பேருக்கு இருந்தன, திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. இது தெரிந்ததும் சுஷ்மா திரும்பி அவரைப் பார்த்தாள். இப்போது அறையில் இருப்பது உடைந்ததுதான், ஆனால் சனிக்கிழமையிலிருந்து நடந்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது என்றாள் கன்னடத்தில். பழையதை அதன்மேல் கொட்டுவதற்கு முன்னால் உடைந்ததை அப்படியே ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்துவிடலாம். பின்னால் உட்கார்ந்து நிதானமாக ஒப்பிட்டுக்கொள்ளலாம். கொஞ்ச நேரம்தான் பிடிக்கும்.

"கேட்ல ஜனம் நிக்குது சுஷ்மா" என்றார் அவர். "கொட்டு."

அவள் கொட்டவில்லை. கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவரே குனிந்து, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தட்டினார். இருப்பதை அழித்துவிட்டுப் போடவா என்று மெஷின் கேட்கும், அதற்கும் ஆமாம் என்று தட்டினார். ஆட்டோவைத் தள்ளுகிற அதே முகம்.

ஓடியது. கேட்டுகள் திறந்தன. என் மேஜையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவர் இன்னொரு திரையைப் பார்த்தார். உடைவதற்கு முன் மொத்தம் எத்தனை கோடு, இப்போது எத்தனை கோடு என்று காட்டுகிற திரை அது. திரும்பி எல்லோரையும் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"ஒண்ணுகூடக் குறையல. பார்க்கப்போனா கூடத்தான் இருக்கு."

கை தட்டினோம். நானும் தட்டினேன். மத்தூர் வடை வரவழைத்தார், ஆளுக்கு ஒன்று தன் கையாலேயே கொடுத்தார். சுஷ்மா தன் வடையைப் பேப்பரோடு மேஜையில் வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய நகலைப் போட்டால் குறைந்துதானே இருக்க வேண்டும், எப்படிக் கூடியது என்று அவள் கேட்டதை நான் காதில் வாங்கினேன். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "நஷ்டம் இல்லாதப்போ நோவு எதுக்கு?" என்றார். சிரித்தார்கள்.

அது மாசக் கடைசி. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனவர்கள், நிறுத்திவிட்ட வேலையாட்கள், திருப்பி அனுப்பிய டிரைவர்கள் என்று சனி, ஞாயிறு, திங்களில் ஜனங்கள் கோடு போட்டதைவிட அழித்தது அதிகம். அழித்ததெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு எப்படித் தெரியும்? புதிதாகச் சேர்த்த ஆளைக் கேட்டில் விடவில்லை என்றால் அந்த வீட்டார் உடனே போன் பண்ணித் திட்டுவார்கள். அப்படி அன்றைக்குச் சிலர் திட்டினார்கள், நாங்கள் மறுபடி பதிந்து கொடுத்தோம். வேண்டாமென்று எடுத்த ஆளுக்குக் கேட் மறுபடி திறக்கும் என்று யாருக்குத் தெரியும், யார் போன் பண்ணுவார்கள்?

மறுநாள் சாயந்திரம் ஒருத்தி பண்ணினாள். கனகபுரா ரோடு பக்கம் ஒரு பெரிய அபார்ட்மெண்ட். நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன், அந்தப் பெண் தமிழில் பேசினாள்.

"போன சனிக்கிழமை என் வீட்டுக்காரரை ஆப்லேர்ந்து எடுத்தேன். நீக்கப்பட்டதுன்னு மெசேஜ்கூட வந்துது. இப்போ அவர் வந்து பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. கேட்ல எப்படி விட்டாங்க?"

சத்தம் போடவில்லை. புகார் நம்பருக்குப் பேசுகிறவர்கள் பேசுகிற மாதிரியே பேசினாள். ஒண்ணாம் வகுப்புப் படிக்கிற குழந்தை, விளையாட்டு மைதானத்தில் இருந்திருக்கிறது. எங்கள் ஆப்பில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதற்கென்று தனியாக ஒரு கோடு உண்டு. அது இல்லாத பெரியவர் யாரும் பிள்ளையோடு கேட்டைத் தாண்ட முடியாது. கோர்ட் பிள்ளையை அம்மாவிடம் விட்டிருந்தது, அதனால்தான் அந்தக் கோட்டை அவள் அழித்தாள். நான் திரையில் அந்த ஃப்ளாட்டைத் திறந்தேன். அப்பா, பிள்ளை, நடுவில் பச்சையாகக் கோடு. வெள்ளிக்கிழமை எப்படி இருந்ததோ அப்படி.

செக்யூரிட்டி ஒரு ஒடிசாப் பையன். அந்த ஆளை அவனுக்கு முகம் தெரியும், இனி உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்ததும் நினைவிருந்திருக்கிறது. வாக்கிடாக்கியில் சூப்பர்வைசரைக் கேட்டிருக்கிறான். ஆப்பில் என்ன காட்டுகிறது என்று கேட்டார் அவர். பச்சை என்றான். அப்புறம் என்ன என்றார்.

நான் போனைக் காத்திருக்க வைத்துவிட்டு எங்கள் சாரிடம் ஓடினேன். சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது, அது நிஜம். அதை நான் மறைக்க மாட்டேன். கொஞ்ச நேரம் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

"அப்பாதானே தாயி கூட்டிட்டுப் போயிருக்கார்? யாரோ எவனோ இல்லையே."

எனக்கு அண்ணன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதில் உட்கார்ந்திருந்தவரும் இவர்தான், ஒரு நூல் மாறாமல். பிரிந்ததைச் சேர்த்தால் நல்லது. ஏன் பிரிந்தது என்று கேட்பது அப்புறம். எனக்கு அது நன்மையாக வாய்த்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் ஏன் அழித்தாள் என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை.

திரையை இழுத்து அந்தக் கோட்டைத் தன் கையாலேயே அழித்தார். சிவப்பு வந்தது. "ஆய்த்து. சொல்லிடுங்க" என்றார்.

நான் திரும்பி வந்து ரிசீவரை எடுத்தேன். எங்கள் மேஜையில் எழுதிக் கொடுத்திருக்கிற வாசகம்தான் வாயில் வந்தது. "சரி பண்ணிட்டோம் மேடம்."

"எதை?" என்றாள்.

அப்பாவும் பிள்ளையும் நாக்பூர் பக்கம் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. போலீஸ், கோர்ட், இரண்டு ஊர் வக்கீல்கள் என்று அது இழுத்துக்கொண்டே போனது. இங்கே அவர் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரவு இழப்பு எதுவும் இல்லை, சேவை விரைவாக மீட்கப்பட்டது. அதில் பொய் என்று ஒரு வார்த்தையைக் காட்ட முடியாது. அவர் வேகத்தை எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள். ஒடிசாப் பையனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இன்னும் யார் யாருக்கு எந்தக் கோடு திரும்பி வந்திருக்கிறது என்று சுஷ்மா நாள் கணக்கில் உட்கார்ந்து தேடினாள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது எதுவோ, அதன் மேல்தான் கொட்டியாகிவிட்டதே. கடைசியில் எல்லா வீட்டாருக்கும் ஒரு மெசேஜ் அனுப்பலாம், உங்கள் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரி போதும் என்று அவரிடம் போய்க் கேட்டாள். ஓடிக்கொண்டிருப்பதை எதற்குக் கலைக்கிறாய் என்றார். அடுத்த மாசமே அவள் ராஜினாமாக் காகிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "அவருக்கு மனசு கெட்டது இல்லக்கா. அதுதான் பயம்."

அவர் மாறவில்லை. அதற்கப்புறமும் சில்க் போர்டில் இறங்கி ஆட்டோ தள்ளினார். என் மேஜை விளக்கு மினுங்கினால் வந்து எடுத்தார். என் பிறந்தநாளுக்கு அண்ணனுக்கு நினைவுபடுத்தி என்னைக் கூப்பிட வைத்தார். அண்ணன் இப்போதும் பேசும்போதெல்லாம் கேட்பான், உங்க சார் எப்படி இருக்காரு என்று. நல்லா இருக்காரு என்பேன். வேறு கம்பெனியில், இதைவிடப் பெரிய பதவியில், நன்றாகத்தான் இருக்கிறார். ஒருவரிடம் வாங்கிக்கொண்ட நல்லதைத் திருப்பிக் கொடுத்துவிட ஒரு வழி இருந்தால் நான் அண்ணனோடு பேசுவதை நிறுத்தியிருப்பேனோ என்னமோ. அப்படி ஒரு வழி இல்லை. "நேத்து இருந்தபடி இருந்தா போதும்" என்பதை மட்டும் வீட்டில் விட்டுவிட்டேன். மாமியார் இரண்டொரு முறை, இப்பல்லாம் அதைச் சொல்றதில்லையே என்று கேட்டார்.

அவர் எங்கள் ஆபீஸை விட்டுப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்தது இது. மதியம், சாப்பாடு முடிந்த நேரம். பாப்பாவின் அம்மா மறுபடி கூப்பிட்டாள். குரலை வைத்தே தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஆப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புள்ளி ரொம்ப நாள் அசையாமல் இருந்தால், உள்ளே வருவதும் இல்லை வெளியே போவதும் இல்லை என்றால், அது தானாகவே ஒரு அறிவிப்பு அனுப்பும்: இவரிடம் நடமாட்டம் இல்லை, நீக்கப்படும். வேலையை விட்டுப் போன டிரைவர்களையும் பழைய குடித்தனக்காரர்களையும் கழிப்பதற்காக அவரே எழுதி வைத்த ஏற்பாடு. அந்த அறிவிப்பு பாப்பாவின் பேரில் அவளுக்கு வந்திருந்தது.

"எடுத்துடாதீங்க" என்றாள். "அவ இங்கதான் இருக்கா. ஆப்ல இருக்கட்டும்."

அந்த ஏற்பாட்டை நிறுத்திப் பிடிக்க என் மேஜைக்கு அதிகாரம் இல்லை. அவர் அணியால்தான் முடியும். ஒரு நிமிஷம் இருங்க மேடம் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வைத்தேன். எழுந்திருக்கப் போனேன், அவரே காபிக் கோப்பையோடு வந்துகொண்டிருந்தார். விளக்கைப் பார்த்தார். கால் தானாகத் திரும்பியது, கை நீண்டது.

"யாரு தாயி, ஏன் நிக்க வெச்சிருக்கீங்க?"

யார் என்று சொன்னேன். என்ன கேட்கிறாள் என்றும் சொன்னேன். லைனை இன்னும் எடுக்காமல் ரிசீவரை மட்டும் தூக்கி அவர் பக்கம் நீட்டினேன். அண்ணன் கையில் அவர் போனைத் திணித்த மாதிரி திணிக்க எனக்குத் தெரியவில்லை, நீட்டத்தான் தெரிந்தது. "நீங்களே சொல்லிடுங்க சார்" என்றேன்.

நீண்ட கை அந்தரத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு இன்னொரு கையிலிருந்த கோப்பையைப் பிடித்துக்கொள்ளப் போய்விட்டது.

"சுஷ்மாகிட்ட சொல்லுங்க, பார்த்துப்பா" என்றார்.

சுஷ்மா போய் மாசங்கள் ஆகியிருந்தன. அது அவருக்கும் தெரியும். அவர் மினுங்கிக்கொண்டிருந்த விளக்கை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, அது அப்படியே மினுங்கட்டும் என்று லிஃப்ட் பக்கம் நடந்தார். அவர் விட்டுவிட்டுப் போன விளக்கு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

லிஃப்ட் மூடுகிற சத்தம் கேட்ட பிறகு லைனை எடுத்தேன்.

"லைன்ல இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன்மா" என்றாள். "எவ்ளோ நேரம் வேணாலும் இருக்கேன். எடுக்காம இருந்தா போதும்."